தத்தெடுப்புக்கு ஏன் இத்தனை காகிதம்?

வாசகர் கேள்வி, 14 ஜூலை 2024

நானும் என் மனைவியும் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்கள். இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். இந்தியாவில் லட்சக்கணக்கான அநாதைக் குழந்தைகள் இருக்கும்போது, வளர்க்கத் தயாராக இருப்பவர்களைக் காகிதம் காகிதமாக ஆண்டுக்கணக்கில் அலைக்கழிப்பது அந்தக் குழந்தைகளுக்கே செய்யும் துரோகம் என்பது என் கருத்து. இந்த வழியைக் கடந்து வந்த குடும்பங்கள் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?

14 ஜூலை 2024, இரவு

நாங்கள் மிச்சிகனில் இருக்கிறோம். எங்கள் மகள் ஒடிசாவில் பிறந்தவள். நான்கு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உங்கள் கேள்வியின் ஒரு பகுதிக்கு மட்டும் இன்று எழுதுகிறேன்.

இல்லங்களில் இருக்கும் குழந்தைகள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் அல்லர். பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, நோய், சிறை, மறுமணம், பள்ளிப் படிப்பு என்று ஏதோ ஒன்றின் பொருட்டுப் பிள்ளையை அங்கே விட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தையைத் தத்துக்குக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு சட்டப்படி அறிவித்த பிறகே அதன் பெயர் காராவின், அதாவது மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின், பட்டியலுக்கு வரும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதென்றால் இரண்டு மாதமும், அதற்கு மேற்பட்டதென்றால் நான்கு மாதமும் பெற்றோரைத் தேட அவகாசம் உண்டு. பெற்றவரே கொண்டுவந்து ஒப்படைத்திருந்தால், மனம் மாறித் திரும்பக் கேட்பதற்கு 60 நாள் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டிப் பட்டியலுக்கு வரும் குழந்தைகள் சில ஆயிரம் பேர். பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பல்லாயிரம் பேர். வரிசை நீள்வதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குத்தான். அதிகாரிகளின் மெத்தனம் இரண்டாவது காரணம். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

15 ஜூலை 2024

தாக்குப்பிடித்த விதத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. என் கணவர் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே காராவின் பதிவுத் தளமான கேரிங்ஸைத் திறந்து எங்கள் வரிசை எண்ணைப் பார்ப்பார். எண் நகர்ந்திருந்தால் அன்றைக்குக் காப்பி அவர் கையால். எனக்கு வளைகாப்பு அழைப்புகள்தாம் பெரும் சங்கடமாக இருந்தன. அழைத்தால் போக மனம் வராது; அழைக்காமல் விட்டால் ஏன் விட்டார்கள் என்று தெரியும்.

21 ஜூலை 2024

வீட்டு ஆய்வைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். அதைப் பற்றி நிறையவே சொல்லலாம்.

அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எங்கள் இருவரோடும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசினார். வீட்டில் துப்பாக்கி உண்டா, மருந்துகளைப் பூட்டி வைக்கிறீர்களா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று தொடங்கிய கேள்விகள் மெல்ல உள்ளே இறங்கின. உன் தகப்பனார் உன்னை அடித்து வளர்த்தாரா, அடித்தபோது உனக்கு என்ன தோன்றியது, நீங்கள் இருவரும் எதற்காகச் சண்டை போடுவீர்கள், சண்டைக்குப் பிறகு யார் முதலில் பேசுவீர்கள், நீங்கள் இருவரும் இறந்துவிட்டால் இந்தக் குழந்தை யாரிடம் வளரும்? பெண் பார்க்க வந்தபோதுகூட உங்கள் வீட்டார் இவ்வளவு குடையவில்லை என்று என் கணவரிடம் சொன்னேன். அப்போதே குடைந்திருக்க வேண்டும் என்று அவர் பதில் சொன்னார்.

அந்தக் கேள்விகளில் ஒன்று மட்டும் எங்களை உலுக்கியது. பிறக்காமல் போன குழந்தைக்காக நீங்கள் அழுது முடித்துவிட்டீர்களா என்று அந்த அம்மையார் கேட்டார். சிகிச்சைகளுக்கு அலைந்த ஆண்டுகளில் நாங்கள் அழுததுண்டு; ஆனால் ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எங்கள் இருவருக்கும் தெரியவந்தது. வருகிற குழந்தை, வராத குழந்தையின் இடத்தை நிரப்ப வருகிற குழந்தையாக இருக்கக் கூடாது என்று அவர் சொன்னதை அப்போது பாடப்புத்தக வாசகமாகவே எடுத்துக்கொண்டேன். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கையின் கீழ்த் தத்தெடுப்பவர்களுக்கு அமெரிக்க விதிகள் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன; அதில் கேட்ட மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது, இந்த ஒரு வாசகத்தை இன்று வரை மறக்க முடியவில்லை.

3 ஆகஸ்ட் 2024

குழந்தையின் விவரம் வந்த நாளைப் பற்றி.

குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை, புகைப்படங்கள் ஆகிய மூன்றும் மின்னஞ்சலில் வந்தன. உயரம், எடை, தலைச் சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் வெளிநாட்டுத் தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். முகத்தில் பிறவிக் கோளாறின் அறிகுறி ஏதும் உண்டா என்று, அவர் எண்களைவிட அதிக நேரம் புகைப்படத்தைப் பார்த்தார். மேலுதட்டின் மேடு, கண் பிளவின் நீளம், காதின் இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நாங்களோ அதற்குள் அந்த முகத்தை எங்கள் மகளாக்கிவிட்டிருந்தோம். ஒருவர் அவளை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பேசுவதைப் பொறுத்துக்கொள்வது கடினமாக இருந்தது.

கோப்பில் இருந்த இன்னொன்று ஒரு செய்தித்தாள் நறுக்கின் நகல். கைவிடப்பட்ட குழந்தையின் படத்தையும் அடையாளங்களையும் நாளிதழில் வெளியிட்டு, உரியவர்கள் யாரேனும் உண்டா என்று கேட்க வேண்டும் என்பது விதி. ஒடியா மொழியில், கட்டைவிரல் நகத்தளவு படத்தோடு, நான்கே வரியில் அது அச்சாகியிருந்தது. அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் புவனேசுவரத்து நண்பர் ஒருவர் படித்துச் சொன்னார்: வயது சுமார் இரண்டு, பச்சைப் பூப்போட்ட சட்டை, காலில் செருப்பு இல்லை, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டாள், உரியவர்கள் அணுகவும்.

யாரும் அணுகவில்லை. அப்படி அணுகாததால்தான் அவள் எங்கள் மகள். அந்த நறுக்கைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நெஞ்சும், நல்லவேளை வரவில்லை என்று இன்னொரு நெஞ்சும் எனக்குள் பேசுகின்றன. இரண்டாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலாவதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

4 ஆகஸ்ட் 2024

என் கணவர் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, வரிசை எண் நகர்ந்த நாளில் மட்டுமல்லாமல் நகராத நாளிலும் தானே காப்பி போட்டதாகப் பதிவு செய்யச் சொல்கிறார். பதிவு செய்துவிட்டேன்.

25 ஆகஸ்ட் 2024

இதை எழுதலாமா என்று சில நாள் யோசித்தேன். காத்திருக்கும் பெற்றோர் விமான நிலையத்து மாலைகளையும் பலூன்களையும் கற்பனை செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். அன்றைக்கு நிகழ்ந்தது வேறு.

அவளை இரண்டு ஆண்டுகளாகக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்தவர் அந்த இல்லத்தில் இருந்த ஒரு நடுவயதுப் பெண்மணி. மௌசி என்று எல்லாக் குழந்தைகளும் அவரை அழைத்தார்கள். ஒடியாவில் சித்தி முறை. மகளை எங்களிடம் ஒப்படைத்த காலை அவர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, தலைவாரி, கண்ணுக்கு மை தீட்டி, எங்கள் படங்களைக் காட்டி அம்மா, அப்பா என்று பலமுறை சொல்லிக் கொடுத்தார். பிறகு, குழந்தை பார்க்காத நேரமாகப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அப்படிப் போவதே நல்லது என்று இல்லத்தில் சொல்லி வைத்திருந்தார்களாம். இன்றைக்கு என்னைக் கேட்டால், குழந்தையிடம் சொல்லிக்கொண்டு போகும்படி அவரைக் கெஞ்சியிருப்பேன். அதன்பிறகு பல மாதங்களுக்கு மகள் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குப் போனாலும் வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

மாவட்ட ஆட்சியரின் முன்னால் நாங்கள் நின்றது பத்து நிமிடம்கூட இருக்காது. முன்பு நீதிமன்றம் பிறப்பித்து வந்த தத்து ஆணையை, 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். அவர் குழந்தையிடம் ஒடியாவில் ஏதோ கேட்டார். அவள் எழுந்து நின்று கைகூப்பினாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு எங்களுக்குப் புரிந்தது: பெரியவர்கள் யார் வந்தாலும் எழுந்து கைகூப்ப வேண்டும் என்பது இல்லத்தின் பழக்கம், எங்களைப் பார்த்த முதல் நாளும் அவள் அதைத்தான் செய்தாள்.

மிச்சிகனுக்கு வந்த பிறகும் அந்த ஒழுங்கு தொடர்ந்தது. விடியுமுன் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறை வாசலில் சுவரோரமாக நிற்பாள். வரிசையில் வேறு யாரும் இல்லை. யாராவது பெயர் சொல்லி அழைக்கும் வரை உள்ளே போக மாட்டாள். விழுந்து முழங்கை சிராய்த்தால் அழாமல் தானே போய்க் குழாயில் கழுவிக்கொள்வாள். எவ்வளவு சமர்த்து என்று வந்தவர்கள் வியந்தார்கள். சமூகப் பணியாளர் மட்டும் வியக்கவில்லை. அழுதால் ஒருவர் வருவார் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்றார். ஒரு குளிர்காலப் பிற்பகலில் படியில் கால் இடறி, வீடே அதிர அழுதுகொண்டு என்னைத் தேடி ஓடிவந்தாள். எங்களுக்கு அது பண்டிகை. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

8 செப்டம்பர் 2024

வெளிநாடுகளுக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதைச் சீனா நிறுத்திவிட்டதாக இந்த வாரம் அறிவித்திருக்கிறது. நெருங்கிய ரத்த உறவினரும் மாற்றாந்தாய், மாற்றாந்தந்தையரும் மட்டுமே விதிவிலக்கு. 1992 முதல் 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்து சென்றிருக்கிறார்கள்; பாதிக்கும் மேல் அமெரிக்காவுக்கு. இன்ன குழந்தை உங்களுக்கு என்று உறுதி சொல்லப்பட்டு, கொரோனாக் காலம் முதல் காத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எங்கள் பயிற்சி வகுப்பில் இருந்த ஒரு தம்பதி அவர்களில் அடக்கம். அந்த அம்மையார் ஆண்டுதோறும் அந்தக் குழந்தையின் வயதுக்கேற்ற உடுப்பு ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துவந்தார். அவரிடம் தொலைபேசியில் பேசத் தொடங்கி, என்ன பேசுவதென்று தெரியாமல் மிச்சிகனின் வானிலையைப் பேசிவிட்டு வைத்தேன்.

20 அக்டோபர் 2024

மாமியாரைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை முழுமையாகாது. அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நல்லவிதமாக எழுது என்றார்.

எங்கள் குடும்பத்துக்குச் சுவீகாரம் புதிதன்று. கணவரின் தாத்தாவே பங்காளி வீட்டிலிருந்து வந்தவர். ஆனால் அது அறிந்த வீட்டுப் பையனை, கொள்ளி போடவும் சொத்தைக் கட்டிக்காக்கவும் எடுத்துக்கொண்ட ஏற்பாடு. பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்பதையே 1956ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்துக்களுக்குப் பொதுவாக்கியது. எந்த ஊர், எந்த மக்கள் என்று தெரியாத ஒரு பெண் குழந்தை என்றபோது மாமியார் முதலில் கேட்டது, நட்சத்திரம் என்ன என்பதுதான். பிறந்த தேதியே மருத்துவர் பல்லையும் எலும்பையும் பார்த்து மதிப்பிட்டது என்று சொன்னோம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பிறந்த நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பெயர் நட்சத்திரம் பார்க்கிற வழக்கம் உண்டு, பெயரை நான் பார்த்து வைக்கிறேன் என்று கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் அறிவித்தார். இல்லத்தில் வைத்த பெயரையே வைத்துக்கொள்வதாக நாங்கள் முடிவெடுத்திருந்தோம். அந்தப் பெயருக்கு என்ன நட்சத்திரம் வருகிறது என்று பார்த்துச் சொன்னார். தன் நட்சத்திரமேதான் என்று அவர் சொன்னபோது, பஞ்சாங்கத்தைத் தன் விருப்பத்துக்கு வளைத்துவிட்டாரோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

பெரிய மோதல் அதற்குப் பிறகு வந்தது. முதல் சில மாதங்களுக்கு ஊட்டுவது, தூக்குவது, உறங்கவைப்பது எல்லாவற்றையும் தாயும் தகப்பனும் மட்டுமே செய்ய வேண்டும் என்று எங்களுக்கு அறிவுறுத்தியிருந்தார்கள். பல கைகள் மாறி மாறி வளர்த்த குழந்தை, வருகிற எவர் மடியிலும் ஏறி உட்காரும்; அதை இணக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தனக்கென்று ஒருவர் இருப்பதை அது இனிமேல்தான் கற்க வேண்டும் என்பது காரணம். தமிழ்க் குடும்பத்தில் இதை நடைமுறைப்படுத்திப் பாருங்கள். பேத்தியைப் பார்க்கக் கடல் கடந்து வந்த பாட்டியிடம், தூக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னோம். பேத்தியைத் தொடக் கூடாதென்று அமெரிக்காவில் சட்டமா என்று கேட்டுவிட்டு, அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். இதில் நியாயம் யார் பக்கம் என்று இப்போதும் எனக்கு உறுதியில்லை. அறிவுரை ஆய்வின் அடிப்படையில் வந்தது. ஆனால் அம்மா, அப்பா, குழந்தை என்று மூவர் மட்டும் வாழும் வீட்டை மனத்தில் வைத்து வந்தது.

முடிச்சை அவிழ்த்தது பழைய சோறு. இட்லி, தோசை, ரொட்டி எதையும் மகள் ஒரு வாய்க்கு மேல் உண்ணவில்லை. ஒருநாள் மாமியார் தமக்காக நீர் ஊற்றி வைத்திருந்த சோற்றில் தயிர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தாள். ஒடிசாவில் அதே சோற்றைப் பகாளா என்று சொல்லிக் கோடை முழுவதும் உண்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கையால் தொடாமல், தூக்காமல், எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் உண்டார்கள். விதியையும் மீறவில்லை என்று மாமியார் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

9 நவம்பர் 2024

எவ்வளவு செலவானது என்று கேட்கிறவர்களுக்கு: வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு இந்திய இல்லத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை 5,000 டாலர் என்று விதியிலேயே இருக்கிறது, அமெரிக்க நிறுவனத்தின் கட்டணமும் பயணமும் அதைவிடப் பன்மடங்கு. அமெரிக்காவில் அதற்கு வரிச் சலுகை உண்டு. 2023ஆம் ஆண்டுக்கு அது ஒரு குழந்தைக்கு 15,950 டாலர் வரை இருந்தது. குழந்தையை எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று, குழந்தை பக்கத்தில் நிற்கும்போதே கேட்ட உறவினருக்கு நான் சொன்ன பதில் இங்கே அச்சேறத் தகுந்ததன்று.

2 பிப்ரவரி 2025

வெளிநாட்டுத் தத்தெடுப்பையே தடை செய்யப் போவதாகச் சுவிட்சர்லாந்து அரசு கடந்த வாரம் அறிவித்திருப்பதை ஒருவர் இங்கே பகிர்ந்து, இது கொடுமை என்று எழுதியிருக்கிறார். அந்த முடிவு சரியா என்பது வேறு. அதன் பின்னால் இருப்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். 1973க்கும் 1997க்கும் இடையே இலங்கையிலிருந்து 900 குழந்தைகள் வரை சுவிட்சர்லாந்துக்குத் தத்துப் போனார்கள். தாயல்லாத பெண்ணைத் தாயென்று கையெழுத்திட வைத்தது, பிறப்புப் பத்திரத்தைப் புனைந்தது ஆகிய எல்லாம் பின்னாளில் வெளிவந்தன. நெதர்லாந்தில் அரசு அமைத்த குழு, இலங்கை, வங்கதேசம், இந்தோனேசியா, பிரேசில், கொலம்பியா ஆகிய நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை நடந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்து, 2021 பிப்ரவரியில் முறைகேடுகளை விரிவாகப் பட்டியலிட்டது; புதிய தத்தெடுப்புகள் அன்றே நிறுத்திவைக்கப்பட்டன.

நம் ஊர் இதற்கு விலக்கில்லை. 1990களின் இறுதியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் காணாமல் போன குழந்தைகள் சிலர், ஒரு தத்து நிறுவனத்தின் வழியாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டது 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. வீட்டு வாசலில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட வெளிநாட்டுப் பெற்றோரிடமும் ஒரு கோப்பு இருந்தது. அதில் தாய் மனமுவந்து கொடுத்ததாக எழுதியிருந்தது. அவர்களும் எங்களைப் போலவே ஏங்கிக் காத்திருந்து, கண்ணீரோடு குழந்தையை வாங்கியவர்கள்தாம்.

லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982இல் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்புதான் இந்தியாவில் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு முதல் நெறிமுறைகளை வகுத்தது. 1990இல் காரா அமைந்தது. 2003இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. நாம் சபிக்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால், அது இல்லாமல் போனதால் பிள்ளையை இழந்த யாரோ ஒரு தாய் இருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன்.

30 மார்ச் 2025

தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்த வாரம் வெளியிட்ட முடிவைப் படித்தேன். வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட 367 பேர் கொடுத்த புகார்களில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றிருக்கிறார்கள். பெற்றோர் இருந்தும் அநாதை என்று பதிவு செய்தது, ஒரு குழந்தை இறந்தால் அதன் பெயரில் இன்னொரு குழந்தையை அனுப்பியது என்று நீள்கிறது.

குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை எப்போது கிடைக்கும் என்று கேட்டவருக்கும் இங்கேயே பதில்: எங்கள் மகள் ஹேக் முறையிலான விசாவோடு அமெரிக்க மண்ணில் கால் வைத்தவுடனேயே, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடிமகளாகிவிட்டாள். 2001 பிப்ரவரி 27இல் 18 வயதைக் கடந்திருந்த பழைய தத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. பெற்றோர் விண்ணப்பிக்காமல் விட்டதால் நடுவயதில் கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்ததும் சரிபார்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

18 மே 2025

கேள்வி கேட்ட நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார், கோபமாகவே எழுதியிருக்கிறார். குழந்தை கிடைத்துவிட்டவர்கள் தாமதத்தை நியாயப்படுத்துவது எளிது என்கிறார். அவர் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. பெற்றோரைத் தேடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நான்கு மாதமும், ஒரு மேசையில் கோப்பு உறங்கும் நான்கு மாதமும் குழந்தைக்கு ஒரே நான்கு மாதம்தான். எங்கள் கோப்பும் ஓர் அலுவலகத்தில், அதிகாரி மாற்றலாகிப் போய்ப் புதியவர் வரும் வரை, காரணமே இல்லாமல் கிடந்தது. அங்கே அது கிடந்த காலத்தில் அமெரிக்கக் குடிவரவுத் துறை எடுத்த கைரேகையின் 15 மாதத் தவணை முடியும் நிலைக்கு வந்து, அதைப் புதுப்பிக்க ஓடினோம். முதல் வகைத் தாமதத்துக்கு நான் கைகூப்புவேன். இரண்டாவது வகைக்கு எதிராக நீங்கள் எழுதும் மனுவில் என் கையெழுத்தும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே மூச்சில் ஒழிக்கச் சொல்வதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

இன்னொன்று. 2024-25 நிதியாண்டில் காரா வழியாக 4,515 குழந்தைகள் தத்துப் போயிருக்கிறார்கள். அவர்களில் 4,155 பேர் இந்தியாவுக்குள்ளேயே. பிறந்த நாட்டில் குடும்பம் கிடைக்காதபோதுதான் வெளிநாடு என்பது ஹேக் உடன்படிக்கையின் அடிப்படை. நம் போன்ற இந்திய வம்சாவளியினருக்கு அதில் சற்று முன்னுரிமை கிடைக்கிறது. வரிசை எண் நகராத ஒவ்வொரு வாரமும் யாரோ ஒரு குழந்தை நாக்பூரிலோ மதுரையிலோ வீடு போய்ச் சேர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம். எனக்கு யாராவது அன்று அப்படிச் சொல்லியிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், ஆகையால் சொல்லவில்லை.

6 ஜூலை 2025

மகளுக்கு இப்போது ஆறு வயது நடக்கிறது. பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னதிலிருந்து கேள்விகள் தொடங்கிவிட்டன. மௌசி ஏன் சொல்லாமல் போனார் என்பது முதல் கேள்வி. என்னைப் பெற்ற அம்மா ரயிலில் போனாரா என்பது இரண்டாவது. முதலாவதற்கு எங்களிடம் விடை இருந்தது. இரண்டாவதற்கு, தெரியாது என்பதே விடை. தெரியாது என்று சொன்னோம். அழகான கதை ஒன்றைக் கட்டிச் சொல்லலாம் என்று மாமியார் சொன்னார். அவர் அன்பால் சொன்னது புரிகிறது, ஆனால் அவளைப் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் உண்மையோடு எங்கள் கற்பனையைக் கலக்க மனம் வரவில்லை. பதினெட்டு வயதான பின் அவளே காராவிடம் வேர்த் தேடலுக்கு, அதாவது தன் பிறப்பின் மூலத்தைத் தேடித் தரும்படி, விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்பு என்றால் எங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். அவளுக்காக வேறு எவரும் போய்க் கேட்க விதி இடம் கொடுப்பதில்லை.

ஆகவே, நண்பரே, உங்கள் முறை வரும்போது மாவட்டத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பாகவே குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, செய்தித்தாள் விளம்பரம், குழந்தை இல்லத்தில் சேர்க்கப்பட்ட நாளின் பதிவு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைக் கேட்டு வாங்குங்கள். விசாவுக்கு இவை எல்லாம் தேவைப்படாது என்று நிறுவனத்தில் சொல்வார்கள், எங்களிடமும் சொன்னார்கள். வளர்த்த பெண்மணியின் படம் ஒன்றும், அவர் சம்மதித்தால் அவருடைய குரலும் தொலைபேசியில் பதிவாகட்டும். தொலைபேசி மாற்றும்போது அந்தப் பதிவை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள்.